சன்னலோரத்து இரண்டாம் தொட்டி

சமையலறைச் சன்னலில் இருந்த இரண்டு தொட்டிகளுள் இரண்டாவதில் பயற்றஞ்செடி தலைசாய்ந்துவிட்டது. நல்லசாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கௌரி! உன் செடி சாகப் போகுதும்மா!"

"ஐ நோ, அப்பா," என்றாள் மகள், பல் துலக்கியபடியே. "இட்ஸ் ஓகே."

ஓகேயாம்! கணக்கிலும் அறிவியலிலும் முந்தி நிற்கும் பிள்ளைகளைப் பல பள்ளிகளிலிருந்து திரட்டி, ஆக்லாந்தில் வாரத்துக்கு ஒரு நாள் தனி வகுப்பு நடந்துவந்தது. புறநகரான ஹென்டர்சனிலிருந்து கௌரிக்கும் அதில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டும் அவ்விடம் நிலைக்க வேண்டுமாயின், வெள்ளிக்கிழமைக் கண்காட்சியில் அவளுடைய ஆய்வு தேற வேண்டும். எவருக்கும் விடை தெரியாத கேள்வியையே ஆராய வேண்டுமென்பது அவ்வகுப்பின் விதி. இவளோ ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, மற்றதைக் காயவிட்டிருந்தாள்.

"தண்ணி ஊத்தலேன்னா செடி வாடும்னு ஊருக்கே தெரியுமே! இதை எப்படி அந்த வகுப்பு மேடம் ஒத்துக்கிட்டாங்க?"

"அவ வேலைய அவ பாத்துப்பா. நீங்க சும்மா இருங்களேன்," என்றார் மனைவி பாக்யலட்சுமி. சொல்லிவிட்டு, ஏனோ ஃபிரிட்ஜுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார்.

சும்மா இருக்க நல்லசாமியால் இயலவில்லை. அவர் படித்த காலத்தில், ஆய்வகத்தில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவுகளைப் பின்னர் நிரப்புவதே வழக்கம். வாடிய செடி அவர் கண்ணுக்குத் தோற்ற செடியே.

மகள் பள்ளிக்குப் போனதும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். மாலைவரை மாற்றமில்லை, இன்னொரு சொம்பு ஊற்றினார். மறுநாள் தண்டு அழுகிப்போயிற்று.

உடம்பு சரியில்லையென்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, செடி விற்கும் கடைக்கு ஓடினார். அங்கே பயறு இல்லை, கொடியவரைதான் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பந்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாங்கி நட்டார். அதுவோ, திரைச்சீலைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியது. அதை அவிழ்க்கப் போனபோது முழங்கை இடித்து, நன்றாயிருந்த முதல் தொட்டியும் தரையில் விழுந்து உடைந்தது. மறுபடியும் கடை, மறுபடியும் அவரை.

மாலையில் கௌரி சன்னலருகே நின்றாள். பயறு இருந்த இடத்தில் இரண்டு அவரைக்கொடிகள் கட்டிப்பிடித்து நின்றன.

"நைஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

"பாத்தியா, ஒண்ணுமே கவனிக்கலை! இந்தப் பிள்ளைக்கா சயின்ஸ்ல தனி வகுப்பு?" என்று நல்லசாமி மனைவியிடம் கிசுகிசுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மகள் தொட்டிகளை எடுக்காமலே போய்விட்டாள். மறந்துவிட்டாள் போலும்! பின்னிக்கிடந்த கொடிகளைப் பின்னிருக்கையில் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, மழையில் மோட்டார்வேயைக் கடந்து, கண்காட்சி மண்டபத்தின் வாசலில் மூச்சிரைக்க நின்றார் நல்லசாமி. வகுப்பாசிரியை உஷா எதிர்ப்பட்டார், யாழ்ப்பாணத்துக்காரர்.

நல்லசாமி தொட்டிகளை அவர்முன் நீட்டினார்.

"மேடம், இது அவ வச்ச செடி இல்லை. தண்ணி ஊத்திக் கெடுத்தது நான், செடியை மாத்தினதும் நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. தயவுசெஞ்சு அவ இடத்தை மட்டும் எடுத்துடாதீங்க."

உஷா கொடிகளையும் நல்லசாமியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"செடியோ, அண்ணை? பிள்ளை தோற்கப்போகுது எண்டு கண்டால் தகப்பன் எவ்வளவு நேரம் கைவைக்காமல் இருப்பார் எண்டதுதானே கௌரியின்ர கேள்வி. தாயிட்டை அனுமதி கேட்டுத்தான் உங்களை ஆராயத் தொடங்கினவள்!"