ஒரு துளியும் வேண்டாத பேர்பன் அறிஞர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

என் வாழ்நாளில் நான் ஒருபோதும் குடிகாரனாக இருந்ததில்லை. இவ்வுண்மையை முதல் வரியிலேயே எழுதிவைக்க வேண்டிய நிலை ஒரு கண்ணியமான மனிதனுக்கு எவ்வாறு ஏற்பட்டது என்பதைத் தெரிவிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னாரிலே பிறந்து, அகதியாக ஹம்பேர்க் வந்து, முப்பது ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எஞ்சியதை நூலகங்களில் நானே கற்றேன். எதைச் செய்வதாயினும் அதைப் பற்றி முதலில் படித்துவிட்டே செய்வது என் வழக்கம். (சைக்கிள் ஓடவும் அப்படித்தான் பழகினேன். புத்தகத்தில் பிறேக் பற்றிய பகுதி கடைசியில் இருந்தது.)

என் ஒரே மகள் டிலானி ஒரு ஜேர்மன் இளைஞரை மணக்க விரும்பினாள். இரு குடும்பங்களும் முதன்முறை சந்தித்த விருந்தில், மாப்பிள்ளையின் தந்தை கிளவுஸ் அவர்களும் நானும் எதிரெதிரே அமர்ந்து, இரண்டு மணிநேரம் உருளைக்கிழங்கை மட்டுமே நோக்கிக்கொண்டிருந்தோம். அவர் சொற்சிக்கனம் மிக்கவர். நானோ தகுந்த பொருள் கிடைக்காமல் வாய் திறப்பதில்லை.

மறுநாள் டிலானி வெடித்தாள்.

“அப்பா, ரெண்டு அப்பாமாரும் கதையாமல் இருக்கிற கலியாணம் எனக்கு வேண்டாம். மாதா கோயிலும் வேண்டாம், ஹோலும் வேண்டாம். நாங்கள் பதிவுக் கந்தோரிலை கையெழுத்து வைச்சிட்டு வாறம்.”

“கொஞ்சம் பொறு பிள்ளை,” என்றேன். ஆலய மணி ஒலிக்க அவளைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் நாளுக்காகவே நான் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கி வைத்திருந்தேன்.

அந்த வாரமே கிளவுஸ் அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. அவருடைய ஒரே பிரியம் பேர்பன் எனப்படும் அமெரிக்க விஸ்கி. நகரில் அதனைச் சார்ந்த உணவகம், கடை, காட்சிக்கூடம் அனைத்தையும் ஒரு சனிக்கிழமை எனக்குச் சுற்றிக்காட்ட விரும்பினார். பேசுவதற்குப் பொருள் கிடைத்துவிட்டது! மூன்று வாரங்கள் படித்தேன். தானியத்திற் பாதிக்கு மேல் சோளமாக இருத்தல் வேண்டும் என்பதும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயிலேயே அது உறங்க வேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடமாயின.

“என்ன, பரீட்சையே எழுதப் போறியள்?” என்றார் என் மனைவி. பின்பு குரலைத் தாழ்த்தி, “சம்பந்தி பகுதி. கேட்ட உடனை கையை நீட்டிப்போடாதேங்கோ,” என்றார்.

“அது எனக்குத் தெரியாதே?”

முதன்முறை கேட்கும்போது வேண்டாம் என்பதும், இரண்டாம் முறை “இருக்கட்டும்” என்று இழுப்பதும், மூன்றாம் முறை வற்புறுத்தும்போது “சரி, உங்கடை விருப்பத்துக்காக” என்று பெற்றுக்கொள்வதும் எங்கள் முறை. ஜேர்மனியர் ஒருமுறைதான் கேட்பர் என்பதை நான் அறியாதவனல்லன். வேலைத்தலத்தில் முதல் அழைப்பிலேயே கேக்கை வாங்கி உண்டவனே நான். ஆயினும் கிளவுஸ் அவர்கள் இப்போது ஜேர்மனியர் அல்லர், சம்பந்தி. (அன்று இது எனக்கு மறுக்கவியலாத தர்க்கமாகத் தோன்றியது.)

விருந்துக்கு இடம் வேண்டுமே என்று காலையில் வெறுந்தேநீர் மட்டும் அருந்தி, எஸ்-பான் ரயிலேறினேன்.

முதலில் ஓர் உணவகம். பேர்பன் கலந்த இனிப்புக் குழம்பு பூசி, விறகில் வாட்டிய மாட்டு விலாவெலும்பு. அதன் மணம் தெருமுனையிலேயே என்னை வந்து வரவேற்றது. “உங்களுக்கும் சொல்லவா?” என்று கிளவுஸ் அவர்கள் வினவினார். நான் வலக்கையை நெஞ்சில் வைத்து, புன்னகையோடு “நைன், டாங்க” என்று நாகரிகமாக மறுத்தேன். அவர் தலையசைத்துத் தமக்கு மட்டும் வரவழைத்தார். இரண்டாம் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அவர் மூன்றாவது எலும்பைச் சுவைத்துக்கொண்டிருந்தார். கண்கலங்காமலிருக்கப் பீப்பாய் கருக்கும் முறையை விளக்கத் தொடங்கினேன். அவர் வியந்து கேட்டார். உரையாடல் பிறந்தது; வயிறு மட்டுமே வெறுமை.

அடுத்து, பேர்பன் பீப்பாயில் ஊறவைத்த கோப்பிக்கொட்டையை வறுக்கும் கடை. கேட்டார், வேண்டாம் என்றேன். பேர்பன் ஊற்றிய அப்பிள் கேக், அதற்கும் அப்படியே. என் குரல் அந்த இடத்தில் சற்று உடைந்தது.

மூன்றாவதாக, கால்வாயோரச் செங்கல் பண்டகசாலை ஒன்றிலிருந்த பீப்பாய்க் காட்சிக்கூடம். வழிகாட்டியான பெண், வெற்றுப் பீப்பாய் ஒன்றைக் காட்டி, எல்லோரும் முகர்ந்து பார்க்கலாம் என்றார். இது பொது அனுமதி. தனிப்பட்ட உபசாரம் அன்று. ஆதலால் மறுக்க வேண்டியதில்லை. தலையை உள்ளே விட்டேன். அங்கே வனிலா, கருகிய சீனி, இன்னும் என்னென்னவோ. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. பின்னால் வரிசையும் நீண்டிருந்தது.

வழிகாட்டி கேட்ட வினாக்கள் அனைத்துக்கும் நானே விடையளித்தேன். “இந்தத் தொழிலில் இருந்தீர்களா?” என்று அவர் வியந்தார்.

“இல்லை. முதலில் வெளியே போய். பிறகு வீட்டிலேயே, ஒவ்வொரு மாலையும் தனியாக. மனைவி கோபித்தார். என்னால் நிறுத்த முடியவில்லை,” என்றேன், நூலகத்தில் தொடங்கிய என் படிப்பை எண்ணிப் பெருமிதத்தோடு.

கிளவுஸ் அவர்களின் முகம் வெளுத்தது. அவர் ஒதுங்கிச் சென்று யாருக்கோ தொலைபேசினார். திரும்பி வந்தவர் அதன் பின் எதையும் கேட்கவில்லை. தாமும் எதையும் அருந்தவில்லை. கடைசியாகச் சென்ற பேர்பன் கடையில், சுவை பார்க்க வைத்திருந்த தட்டைக் கண்டதும் என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்.

மூன்று முறை மறுத்து அவரை அவமதித்துவிட்டேன். மகளின் மணமும் பதிவுக் கந்தோரோடு முடிந்தது என்றே எண்ணினேன். துக்கமும் பசியும் சேர்ந்தால் மனிதன் என்ன செய்வான் என்பதை எந்த நூலிலும் நான் படித்திருக்கவில்லை. கழிவறைக்குச் செல்வதாகக் கூறி, கடையின் பின்பகுதியில் பேர்பன் நிரப்பிய சொக்கலேற் பெட்டியொன்றை வாங்கினேன். விற்பனைப் பெண் சிறு கிண்ணத்தில் பேர்பனும் நீட்டினார். அவர் எனக்குச் சம்பந்தி அல்லர். முதல் அழைப்பிலேயே ஏற்றேன்.

போத்தல் அடுக்கின் மறைவில், வாயில் ஐந்தாவது சொக்கலேற்றும் கையில் வெறுங்கிண்ணமுமாக நான் நின்றபோது கிளவுஸ் அவர்கள் வந்தார். என்னைக் கட்டியணைத்தார்.

“தனியாக மட்டும் வேண்டாம்,” என்றார். “நான் இருக்கிறேன். என்னை மன்னியுங்கள், எனக்குத் தெரியாது. என் அக்கா கீசலா குடியை விட்டுப் பல ஆண்டுகள். அவருக்குச் சொல்லிவிட்டேன். வருகிறார்.”

வாய் நிறைந்திருந்தமையால் விளக்கமளிக்க இயலவில்லை. அதற்குள் கீசலா அம்மையார் வந்தார். கையில் அப்பிள்சாறும், பாற்கட்டி வைத்த பாணும். “சாப்பிடுங்கள்,” என்று ஒருமுறை சொன்னார். நான் முறை எதுவும் பார்க்கவில்லை.

பாண் முடிந்ததும் உண்மையைச் சொன்னேன். கிளவுஸ் அவர்கள் நம்பாமல் டிலானியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியைப் பிடித்தார்.

“அப்பா, காலமை இருந்து ஒண்டும் சாப்பிடேல்லையோ?”

“அவர் கேட்டவர். நான் வேண்டாம் எண்டனான்.”

“எத்தினை தரம் கேட்டவர்?”

“ஒவ்வொரு இடத்திலையும் ஒருதரந்தான், பிள்ளை.”

“ஐயோ அப்பா!”

அவள் ஜேர்மன் மொழியில் விளக்க விளக்க, கிளவுஸ் அவர்கள் அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்ததைத் தம் வாழ்நாளிலேயே கண்டதில்லை என்று கீசலா அம்மையார் கூறினார். ஆனால் அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்து, “நான் எவ்வளவோ சாக்குப்போக்குகள் கேட்டிருக்கிறேன். இதுதான் மிகச் சிறந்தது,” என்றார்.

டிலானியின் திருமணம் ஆலயத்தில் மணியோசையோடு நடந்தது. விருந்தில் சம்பந்தியும் நானும் அருகருகே அமர்ந்து, மணமக்களை மறந்து கதைத்தோம். அவர் பேர்பனை எனக்கு ஊற்றியவுடன், கீசலா அம்மையார் மேசைகளைக் கடந்து வந்து அக்கிண்ணத்தை அகற்றி, அப்பிள்சாறு வைத்துச் சென்றார். எழுந்து நின்று அதையே உயர்த்தினேன்.

இன்றும் நான் இரண்டாம் அகப்பைச் சோற்றை மறுத்தால், “நில்லுங்கோ, கீசலா அக்காவுக்கு ரெலிபோன் எடுக்கிறன்,” என்று மனைவி எழும்புவார். அம்மையாரோ ஆண்டுதோறும் அந்தச் சனிக்கிழமையை நினைவில் வைத்து, “இன்னுமோர் ஆண்டு! உறுதியாக நில்லுங்கள்,” என்று தம் கைப்பட எழுதி வாழ்த்துமடல் அனுப்புகிறார். ஏழு மடல்கள் சேர்ந்துள்ளன. அவற்றை என் குடியுரிமைப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் வைத்துள்ளேன். இந்நாட்டில் நான் பெற்ற நற்சான்றிதழ்களுள் உழைக்காமற் கிடைத்தவை அவை மட்டுமே. ஆயினும் அவற்றைத் திருப்பிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஐயா, அம்மணி, தயவுசெய்து இக்கட்டுரையைப் பத்திரமாக வைத்திருங்கள். நான் குடிகாரன் அல்லன் என்பதற்கு என்னிடம் வேறு சான்று இல்லை.