அஸ்ஸி சொல்தா கேட்ட ஃபீஸ்

புதுச்சேரியில் அஸ்ஸி சொல்தாவின் குரலைக் கேட்டும் உட்காராமல் நின்றது கலங்கரை விளக்கம் ஒன்றுதான். மற்றபடி நாய், ஆடு, பால்காரர், சீருடையில் இருந்த போலீஸ்காரர் என்று எல்லோரும் ஒருமுறையாவது உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இரண்டு முறை.

சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அஸ்ஸி என்றால் பிரெஞ்சில் 'உட்கார்'. இரண்டையும் ஒட்டி முதலியார்பேட்டைக்காரர்கள் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் அவருடைய பென்ஷன் காகிதத்துக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் அவர் நாய்க்குட்டிகளுக்கு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பு இல்லையென்றால் இன்றைக்கு எனக்குக் குடும்பம் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் என் மனைவியைக் கேட்டுக்கொள்ளலாம்.

செல்போனில் வரும் அழைப்புக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். எனக்குத் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணமாகி மூன்று மாதம். முதலியார்பேட்டையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியேறினோம். ஊரில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. நான் காலையில் போனால் இரவில்தான் திரும்புவேன். செல்வி நாள் முழுக்க சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். சுவர் பதில் சொல்லாத கோபம் ராத்திரி என்மேல் விடியும்.

கம்பெனி ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை மதியச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்தேன். செல்வி அதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்தாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அவள் சிரித்து முதல்முறை பார்த்தேன்.

பட்டாணிக்கு உலகத்தில் எல்லாவற்றையும் கண்டு பயம். குடை, ஹெல்மெட், துடைப்பம், காற்றில் ஆடுகிற லுங்கி எல்லாம் அதன் எதிரிகள். முதல் எதிரி மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா. மதாம் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். புருஷன் இறந்துவிட்டார், ஒரே பிள்ளை பிரான்சில். மதாம் மாடிப்படியில் கால் வைத்தால் போதும், பட்டாணி தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி குரைக்கும். ஒருநாள் அவர் பதறி இறங்கியதில் செருப்பு ஒன்று சாக்கடைக்குப் போனது. நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்று ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் குட்டியை அனுப்பவில்லை என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முடித்தார்.

"நாய் போச்சுன்னா நானும் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்" என்றாள் செல்வி. அவள் அழவில்லை, கத்தவில்லை. மறுநாளே கம்பெனிக்கு லீவு போட்டேன்.

நாய்களுக்குப் பயிற்சி தரும் இடம் ஒன்று ஊருக்கு வெளியே இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்தவர் பட்டாணி என்ன ஜாதி என்று கேட்டார். தட்டாஞ்சாவடி என்றேன். அவர் சிரிக்காமல் ஒரு அட்டையை நீட்டினார். அதில் போட்டிருந்த ஃபீஸுக்கு நானே போய்ப் படித்து இன்னொரு டிப்ளமா வாங்கிவிடலாம். வீட்டு வாடகையைவிடக் கூடுதல். அட்டையை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். கம்பெனி வாட்ச்மேன்தான், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்களே சார் என்று சொல்தாவைப் பற்றிச் சொன்னார்.

சொல்தா முருங்கைக்காய் மாதிரி இருந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் சாய்ந்த தொப்பி. பட்டாணி அவரைப் பார்த்து உயிர் போகிற மாதிரி குரைத்தது. அவர் "அஸ்ஸி" என்றார். குட்டி உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த செங்கல் குவியலில் நானும் உட்கார்ந்தேன். "ஒன்னச் சொல்லல" என்றார்.

ஃபீஸ் எவ்வளவு என்று பயந்துகொண்டே கேட்டேன். "காசு வேணாம். வாரத்துக்கு ஒரு ஆளக் கூட்டிட்டு வா. இது இதுவரிக்கும் பாக்காத ஆளு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். குட்டி குரைப்பது கோபத்தில் இல்லை, பயத்தில். நூறு விதமான மனுஷரைப் பார்த்துவிட்டால் அப்புறம் எவரைப் பார்த்தும் பயப்படாது. வகுப்பில் ஆறு குட்டிகள். ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வந்தால் வாரத்துக்கு ஆறு புது முகம். எங்களுக்கே இந்த ஊரில் யாரையும் தெரியாதே ஐயா என்றேன்.

"அப்ப க்ளாஸு மூணு பேருக்குன்னு வச்சிக்கோ" என்றார்.

முதல் வாரம் பால்காரரைக் கெஞ்சிக் கூட்டிப் போனேன். ஆட்கள் வட்டமாக நிற்க வேண்டும், குட்டிகள் நடுவில் சுற்றி வரும், யாரும் குனிந்து கொஞ்சக் கூடாது. இதுதான் பாடம். சொல்தா ஒரு அதட்டல் போட்டதில் ஆறு குட்டிகளோடு பால்காரரும் கேனோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வாரம் சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர், சிவப்புத் தொப்பியோடு. ஏதோ புகார் என்று நினைத்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தவர், புகாரே இல்லை என்று தெரிந்து கோபப்பட வாயைத் திறந்தார். அதற்குள் சொல்தா "அஸ்ஸி" என்றுவிட்டார். மூன்றாவது வாரம் வைத்திக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரம்மா, கூடையோடு. அன்றைக்குப் பட்டாணி குரைக்கவே இல்லை. கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி நின்றது. மற்ற ஐந்தும் அதே பக்திதான். அன்றைக்குக் கட்டளை ஒன்றும் எடுபடவில்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்க முடியாமல் அந்த அம்மா ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஊட்டில் நாய் இருக்கிறவனுக்கு இனிமேல் வியாபாரமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாடம் முழுக்க ஐந்து பிரெஞ்சு வார்த்தைகள். அஸ்ஸி என்றால் உட்கார். கூஷே என்றால் படு. நோன் என்றால் கூடாது. வியேன் என்றால் வா. ரெஸ்த் என்றால் அப்படியே இரு. இந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு வினை. எனக்கு அது ரெஸ்ட் என்று காதில் விழுந்தது. வீட்டுப்பாடமாக ஒரு வாரம் பாய் விரித்து, ஃபேன் போட்டு, குட்டியின் முதுகைத் தட்டிக் கொடுத்துப் பழக்கினோம். ஞாயிற்றுக்கிழமை பரீட்சையில் சொல்தா கையை உயர்த்தி "ரெஸ்த்" என்றார். மற்ற ஐந்தும் சிலையாக நின்றன. எங்கள் குட்டி ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. சொல்தா குனிந்து அதன் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் உட்கார்ந்த இரண்டாவது முறை அதுதான்.

தமிழிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த வம்பு இல்லையே என்று கொஞ்சம் வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கு தமிழ்ல அதட்ட வராதுப்பா. கொஞ்சத்தான் வரும்" என்றார். பதினெட்டு வயதில் கப்பல் ஏறியவர். அதட்டல் எல்லாம் அங்கே போய் வாங்கியது. தமிழ் அவருக்கு அம்மாவோடு நின்றுபோயிருந்தது.

நான்காவது வாரத்திலிருந்து ஆள் பிடிக்கும் பொறுப்பைச் செல்வி எடுத்துக்கொண்டாள். கதவையே திறக்காதவள், கேஸ் கொண்டு வருபவரிடம் உங்களுக்கு எந்த ஞாயிறு சௌகரியம் என்று கேட்டாள். தபால்காரர் வந்தார், டெய்லர் வந்தார், கன்யாஸ்திரீ ஒருவர் வெள்ளை உடுப்போடு வந்தார். கடைசியில், எதிர்வீட்டு அக்கா தன்னை மட்டும் கூப்பிடவில்லையே என்று கல்யாணப் பத்திரிகை வராத மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் இரவில் வீடு திரும்பும்போது செல்வி வாசலில் நாலு பேரோடு பேசிக்கொண்டு நிற்பாள். என்னைப் பார்த்ததும் "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்பதோடு சரி. எனக்கு அது போதும், நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆனால் மதாம் விஷயம் மட்டும் அசையவில்லை. ஊரையே பார்த்துவிட்ட பட்டாணி, மாடிப்படியில் அவர் கால் தெரிந்தால் மட்டும் பழைய பாட்டையே பாடியது. கடைசி வாரம் அவரையே கூட்டி வா என்றார் சொல்தா. நான் படியேறிப் போய்க் கேட்டேன். நாய்க்குப் பாடம் நடத்த நான்தான் கிடைத்தேனா என்று மதாம் கதவைச் சாத்திக்கொண்டார். கெடு முடிய இரண்டே நாள் இருந்தது. செல்வி தன் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடியில் போன் வந்தது. வாராவாரம் மகன் பேசும் நேரம். பிரான்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று மதாம் பிரெஞ்சில் கத்தித்தான் பேசுவார். அன்றைக்கு அந்தக் கத்தல் வேறு மாதிரி இருந்தது. எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை. "வியேன்" என்றார். கொஞ்சம் விட்டு மறுபடி "வியேன்". மூன்றாவது முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

என் கையிலிருந்த கயிறு நழுவியது. பட்டாணி படியேறிவிட்டது. வீடு போச்சு, பெண்டாட்டியும் போனாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால், மதாம் போனை வைத்துவிட்டு நின்றிருந்தார். அவர் காலடியில் பட்டாணி, முதுகு நிமிர, காது விறைக்க, அஸ்ஸியில் இருந்தது. குரைக்கவில்லை. கூப்பிட்டீர்கள், வந்தேன் என்கிற முகம்.

"நான் ஒன்ன கூப்புடல" என்றார் மதாம் அதனிடம். பட்டாணி நகரவில்லை. மதாம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து அதன் தலையில் கை வைத்தார். "இந்த வருஷமும் லீவு இல்லயாம்" என்றார். என்னிடம் சொன்னாரா நாயிடமா தெரியவில்லை. நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலையில் மதாம் படியிறங்கி வந்து தீர்ப்பு சொன்னார். "காலி பண்றதுன்னா நீங்க பண்ணுங்க தம்பி. அது இங்கியே இருக்கட்டும்." செல்வி பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் சொல்தா வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். நடந்ததை எல்லாம் சொன்னேன். மேலே போனதும் தானாக உட்கார்ந்ததா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நாய் துடைக்கிற துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

நன்றி என்று சொன்னால் அதட்டுவார் என்று தெரியும். அவருக்குப் புரிகிற பாஷையிலேயே சாப்பிடக் கூப்பிடலாம் என்று நினைத்து, அவசரத்தில், "வியேன் ஐயா, வீட்டுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் நாயைக் கூப்பிடுகிற வார்த்தை என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் விறைப்பாக நிமிர்ந்தார். "பெரியவங்களுக்கு வெனேன்னு சொல்லணும். வியேன்றது நாய்க்கும், நம்ம ஊட்டு ஆளுங்களுக்கும்" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினார்.

"பரவால்ல. வியேன்னே கூப்புடு."