பெருங்காற்றில் கூரையைப் பிடித்தவர்

மலாக்கிக்குப் பத்தே வருஷத்தில் இருபத்தேழு வயது கூடியிருந்தது.

1901 கணக்கெடுப்பில் ஐம்பது. 1911-ல் எழுபத்தேழு. ஃபின்டன் மல்க்வீன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கணினி மசியவில்லை.

"கவலை இருந்தா சிலருக்குச் சீக்கிரம் வயசாகும்," என்றாள் மனைவி அசம்ப்டா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

மலாக்கி, ஃபின்டனின் கொள்ளுத்தாத்தா. 1839-ல் அயர்லாந்தையே புரட்டிப்போட்ட பெருங்காற்று இரவில், ஐந்து வயதுப் பொடியனாக, வைக்கோல் கூரையின் கயிற்றை விடியும்வரை விடாமல் பிடித்து வீட்டைக் காப்பாற்றியவர். ஜன்னலில் தூறல் விழும்போதெல்லாம் ஃபின்டன் பகல் கனவில் அந்தக் கூரையோடு பறப்பார். கீழே ஈர வயல்கள், வெள்ளை ஆடுகள், அப்பால் முனகும் கடல். தன் வாழ்க்கையில் ஒரு வீரமும் வாய்க்காத மனிதருக்கு அந்தக் கயிறுதான் பிடிப்பு.

அதனால்தான் புதுக் கல்லறைக்கல்லில் 'பெருங்காற்றில் கூரையைப் பிடித்தவர்' என்று செதுக்கச் சொன்னார். வரும் ஞாயிறு, கல்லறைகளை ஆசீர்வதிக்கும் நாள். ஊரே வந்து நிற்கும். பிறந்த வருஷத்துக்கு மட்டும் கல்லில் இடம் விட்டிருந்தார். அதைத் தேடப் போனதுதான் வினை.

"மூத்த மலாக்கி ஒருத்தர் செத்து, அதே பேரை அடுத்த பிள்ளைக்கு வச்சிருப்பாங்க," என்று ஞானஸ்நானப் பதிவைத் தோண்டினார். ஒரே மலாக்கிதான். 1851. பெற்றோரின் கல்யாணத்தைத் தோண்டினார். 1848. காற்றடித்தபோது மலாக்கியின் அப்பாவே சின்னப் பையன்.

அசம்ப்டாதான் முடிச்சை அவிழ்த்தாள். "1909-ல எழுபது வயசானவங்களுக்குப் பென்ஷன் வந்துச்சுல்ல? பொறந்த அத்தாட்சி யார்கிட்டயும் கிடையாது. அதிகாரி வந்து, பெருங்காத்து ஞாபகம் இருக்கான்னு கேப்பான். இருந்தா பென்ஷன்."

"அதனால?"

"உன் கொள்ளுத்தாத்தாவுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. பொறக்குறதுக்கு முன்னாடி நடந்ததுகூட ஞாபகம் இருந்திருக்கு."

ஃபின்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய கனவில் கூரை மெல்லப் பறந்து போனது. பிடிக்கத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை, விரிசல் பூசும் மக்குப் பசை வாங்கிவந்து கல்லில் செதுக்கிய எழுத்துக்களை அடைத்தார். சாம்பல் கல்லில் வெள்ளை மக்கு. தெருவிலிருந்தே பளிச்சென்று படிக்க முடிந்தது. பதறிப்போய் ஒரு பூச்செடித் தொட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். பக்கத்துக் கல்லறை விளிம்புக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த தபால் ஆபீஸ் நூலா, ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஃபாதர் டியர்னி வந்தார்.

"பூவெல்லாம் வச்சு ஜோடிச்சிருக்கியே! நாளைக்கு உன் கல்லறையிலேயே ஆரம்பிச்சிடுறேன்."

"என்னுது இல்ல ஃபாதர். நான் இன்னும் இருக்கேன்."

ஞாயிறன்று ஃபாதர் தொட்டியைத் தானே நகர்த்தி வைத்துவிட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி கணீரென்று படித்தார். தூறல் நின்றிருந்தது.

"அது பொய் ஃபாதர்," என்றார் ஃபின்டன். "அவர் ஒண்ணையும் பிடிக்கல. அப்ப அவர் பொறக்கவே இல்ல."

அப்பால் கடல் முனகியது. தன் வீட்டுக் கூரையைத் தானே பிய்த்துப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

நூலா தொண்டையைச் செருமினாள். "எங்க கொள்ளுத்தாத்தாவும் கூரையைப் பிடிச்சவர்தான்."

"எங்க வீட்டுக் கொள்ளுத்தாத்தாவும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க பெரியத்தையும்!"

ஃபின்டன் விழித்தார். "எல்லாரும் அதே கூரையையா?"

"பின்னே? அதை நெஜம்னு நம்பினது இந்த ஊர்லயே உங்க வீடு ஒண்ணுதான்," என்றாள் நூலா. "கல்லுல இருக்கறது அப்படியே இருக்கட்டும் ஃபின்டன். பென்ஷன் அதிகாரி வர்றதுக்கு முன்னாடி, எழுபது ஆகாத அத்தனை பேரையும் தன் அடுப்பு முன்னாடி உக்காரவச்சு, அந்தக் காத்தைப் பாடமாச் சொல்லிக்குடுத்து, அந்தப் பென்ஷன் காசுல ஊர் மொத்தத்துக்கும் கஞ்சி ஊத்துனதே உங்க மலாக்கிதானே!"