பூஜையில் வைத்த சர்வர்

எது ஓடாமல் நின்றாலும் முதலில் அடுத்தவரைக் குற்றம் சொல்வது எனக்கு யாரும் சொல்லித்தந்த பழக்கமல்ல. அது பிறவியிலேயே அமைந்த திறமை. பள்ளியில் என் பேனா எழுதாவிட்டால் பக்கத்தில் இருப்பவனை முறைப்பேன். இந்தத் திறமையோடு கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரிந்ததால், மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைல்ஸ் நிறுவனத்துக்கு நெட்வொர்க் அட்மின் ஆனேன். (இருபத்திரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டர்கூட என் பேச்சைக் கேட்டதில்லை.)

எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் போகும்போது ஒரு நோட்டைக் கொடுத்தார். எந்தப் பெட்டி எதற்கு என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாராம். நான் திறந்தே பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததை அவர் என்ன பெரிதாக எழுதிவிடப் போகிறார் என்று நினைத்தேன். வயது இருபத்தைந்து, அறிவு ததும்பி வழிந்த பருவம்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் அலுவலகத்தில் பூஜை. டைல்ஸ் வெட்டும் மெஷின், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல் எல்லாம் மேஜையில் ஏறிவிட்டன. ஒரு கம்ப்யூட்டரும் வேண்டும் என்றார் முதலாளி. கடைசி நிமிஷம் வரை பில் போட்டுக்கொண்டிருந்ததால் யாரும் தங்களுடையதைக் கொடுக்கவில்லை. நான் ஸ்டோர் ரூம் மேஜைக்கு அடியில் தவழ்ந்து, மானிட்டரும் இல்லாமல் கீபோர்டும் இல்லாமல் கிடந்த ஒரு பழைய சிபியுவைக் கண்டுபிடித்தேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. (சும்மா கிடப்பதற்கு எதற்குக் கரண்ட் என்று மின்சாரத்தை மிச்சப்படுத்திய பெருமை வேறு.) வயர்களைப் பிடுங்கி, துடைத்து, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டேன். பையன் பொறுப்பானவன் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்.

விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை காலை திறந்தால் ஒருவருக்கும் இன்டர்நெட் இல்லை. வாசலில் லோடு ஏற்றிய மூன்று லாரிகள். ஆன்லைனில் சரக்குச் சீட்டு எடுக்காமல் வண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஏற முடியாது. டிரைவர்கள் டீயைக் குடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

நான் ஒன்றையும் சோதிக்கவில்லை. நேராக என் மொபைலில் இருந்து இன்டர்நெட் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதினேன். எங்கள் பகுதி லைன்மேன் அன்வர் பொறுப்பில்லாதவர், லைனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, உடனே நடவடிக்கை எடுக்கவும் என்று ஆங்கிலத்தில் நான்கு பத்தி. முதலாளிக்கும் மொத்த ஸ்டாஃபுக்கும் நகல். அனுப்பி முடித்ததும் உடம்பில் தனித் தெம்பு வந்தது.

பத்து மணிக்கு அன்வரே வந்து நின்றார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். குரோம்பேட்டையில் இருந்து வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க மெயிலக் காட்டி என்னை வேலைய வுட்டு நிக்கச் சொல்லிட்டாங்க சார். அப்படி இன்னா தப்பு பண்ணிட்டேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வேலையே போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினேன். அவர் என் கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து ஒரு எண்ணை அடித்தார், பதில் வந்தது. ஒரு தளத்தின் பெயரை அடித்தார், வரவில்லை.

"நெட்டு வந்துகினுதான் கீது சார். பேரைச் சொன்னா நம்பர் சொல்ற ஆளுதான் இல்ல. உங்க டிஎன்எஸ் சர்வர் எங்க கீது?"

நாம் தளங்களைப் பெயரால் கேட்கிறோம், கம்ப்யூட்டருக்கோ எண்தான் புரியும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வதுதான் டிஎன்எஸ் சர்வர். இன்னார் வீடு என்றால் எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்று சொல்கிற அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மாதிரி. எங்கள் வாட்ச்மேன் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியாது. (நான்தான் அட்மின்.)

அன்வர் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் முதலாளி, அவருக்குப் பின்னால் இரண்டு டிரைவர்கள். வயர் ஸ்டோர் ரூம் மேஜைக்கு அடியில் போய், எதிலும் சேராமல் தரையில் கிடந்தது. பக்கத்தில் தூசியே இல்லாமல் ஒரு சதுரம்.

"இங்க நின்னுகினு இருந்தது எங்க சார்?"

எல்லோரும் மெதுவாகத் திரும்பிப் பூஜை மேஜையைப் பார்த்தார்கள். சர்வர் நெற்றியில் குங்குமமும் தலையில் எலுமிச்சம்பழமுமாக வீற்றிருந்தது.

பாய்ந்து எடுக்கப் போன என் கையை முதலாளி பிடித்துக்கொண்டார். மணி பத்தரை, ராகு காலம் தொடங்கிவிட்டதாம். பன்னிரண்டுக்குப் பிறகுதான் பூஜையைக் கலைக்க வேண்டுமாம். அன்வர் ஒரு டைல்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நேரம் கீது. கம்பெனிக்கு இன்னொரு மெயில் போட்டுடுங்க சார்."

போட்டேன். 'தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தடங்கல் கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். அவர் மொபைலை எட்டிப் பார்த்து, இதில் தப்பு யாருடையது என்று வரவில்லையே என்றார். 'இரு தரப்பிலும் புரிதல் குறைவு' என்று மாற்றினேன். எந்த இரண்டு தரப்பு என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை வெட்கமாக இருந்திருக்காது. காலையில் நான்கு பத்தி கொட்டிய விரல்களுக்கு இப்போது ஒரு வரி வர ஒரு மணி நேரம் ஆனது: 'சர்வரைப் பிடுங்கிப் பூஜையில் வைத்தது நான். அன்வர் மீது எந்தத் தவறும் இல்லை.'

கம்பெனிக்கு மட்டும் அனுப்பப் போனேன்.

"காலைல யார் யாருக்குப் போச்சோ, அவங்க எல்லாருக்கும் சார்."

அனுப்பினேன். அறை முழுக்க மொபைல்கள் ஒவ்வொன்றாக 'டிங்' என்றன. பன்னிரண்டு மணிக்கு மாலை கழன்றது, சர்வர் எழுந்தது, லாரிகள் கிளம்பின. அன்வருக்கும் போன் வந்தது. மறுநாள் முதல் வழக்கம்போல வரச் சொன்னார்களாம். என்னிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்.

அந்த மெயில் அக்கவுண்ட்ஸில் இருந்த கல்பனாவுக்கும் போயிருந்தது. பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டேன். மெயிலை அவள் இன்னும் அழிக்கவில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பதற்கே 'மெயில் போடுவது' என்றுதான் பெயர். ரசத்தில் உப்பு கூடியதற்கு நான் உப்புப் பாக்கெட்டைத் திட்டினால், மெயில் போடுங்க என்பாள்.

போன வாரம் எங்கள் மகளின் பள்ளியில் கூப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்பு. பக்கத்துப் பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டுவிட்டாளாம். மன்னிப்புக் கேள் என்று மிஸ் சொன்னதும், இவள் ரொம்பப் பொறுப்பாகக் கேட்டிருக்கிறாள்:

"அவளுக்கு மட்டும் மெயில் போட்டா போதுமா மிஸ், இல்ல கிளாஸ் எல்லாருக்கும் போடணுமா?"