கட்டிங் டேபிளில் ஆகாயப் பயணம்

ராயபுரம், திருப்பூர்
12.2.1998

அன்புள்ள மாப்பிள்ளை அப்புசாமி அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்கா ரங்காத்தாளும் சுகம். உடுமலையில் நீங்களும் தங்கச்சி நஞ்சம்மாளும் தென்னைகளும் சுகமென்று நம்புகிறேன். முந்தாநாள் போனில் ஒன்று கேட்டீர்கள்: "ஏனுங்க மச்சான், பாப்பா கல்யாணத்துக்கு உங்கூர்ல கம்ப்யூட்டர்ல மேகமெல்லாம் போட்டுத் தர்ற போட்டோக்காரரையே சொல்லிரலாமுங்களா?" அப்போது உங்கள் அக்கா பக்கத்தில் நின்றதால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வேண்டாம்.

எங்கள் பையன் வெள்ளியங்கிரி தன் புது வீட்டு ஹாலில் மாட்ட எங்கள் படம் வேண்டும் என்றான். உங்கள் அக்கா கேட்டது ஒன்றுதான். "படத்துலயாச்சும் இவரு என்னயப் பார்த்துச் சிரிக்கோணும்." எங்கள் கல்யாணப் படம் உங்களுக்குத் தெரியும், பரீட்சையில் காப்பியடிக்கும் பையனை வாத்தியார் பார்ப்பதுபோல் நான் காமிராவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கு இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு படம் எடுத்தால் போதாதா? ஆனால் போட்டோக்காரர் சிவசுப்பிரமணியம் அத்தனை சின்ன ஆளில்லை. அம்மா அன்னப்பறவை மேல் அமர்ந்திருப்பாராம், ஐயா மேகத்தில் பறந்து வருவாராம். "ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்துக் கம்ப்யூட்டர்ல சேத்தீரலாமுங்க" என்றார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல்தான் சேர்ந்திருக்கிறோம் என்றேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பறக்கிற ஆளைப் படுக்கவைக்க ஸ்டுடியோவில் இடமில்லை என்று, ஞாயிற்றுக்கிழமை வெள்ளியங்கிரியின் பனியன் கம்பெனிக்கே வந்துவிட்டார். கட்டிங் டேபிளில் ரிஜெக்ட் ஆன நீலத் துணியை விரித்து, என்னைக் குப்புறப் படுக்கவைத்து, காலடியில் பெரிய ஃபேனைப் போட்டார். வேட்டி மாவு மூட்டைபோல உப்பியது. உங்கள் அக்காவை முந்தின நாளே அட்டைப்பெட்டி மேல் உட்காரவைத்து எடுத்தாயிற்று, பெட்டிதான் அன்னம். "அம்மா அங்க இருக்காங்கன்னு நெனச்சு அன்பாப் பாருங்க ஐயா" என்கிறார். அங்கே பார்த்தால் தையல் மெஷின். மெஷினை எப்படீங்க அன்பாப் பாக்கறது? கடைசியில் கட்டிங் மாஸ்டர் கன்னையனைக் கூப்பிட்டு, தலையில் ஒரு துண்டை முக்காடு போட்டு அங்கே நிறுத்திவிட்டார். அவனுக்கு அருவாள் மீசை. "சார், நான் வெக்கப்படோணுங்களா?" என்று கேட்டான் பாருங்க, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அந்த நேரம் பார்த்து கிளிக்.

படம் நேற்று வந்தது. என் மேல் இடப்பக்க வெயில், அவள் மேல் வலப்பக்க வெயில். மைதானத்தில் கொடிக்கம்பத்தையும் ஒரு பையனையும் நிறுத்தினால் இரண்டு நிழலும் ஒரே பக்கம்தான் விழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். இவருடைய வானத்தில் இரண்டு சூரியன். அன்னத்தின் கழுத்து ஒட்டகம்போல. இதையெல்லாம் விடுங்க. உங்கள் அக்கா ஆசைப்பட்ட அந்தச் சிரிப்பு மீசைக்காரன் கன்னையனைப் பார்த்து நான் சிரித்தது. இன்று சாயங்காலம் மாட்டப்போகிறார்கள். கண்டுபிடித்தாளானால் நான் எந்த முகத்தோடு சோற்றுக்கு உட்காருவேன்? ஆகவே பாப்பாவை இந்த ஆளிடம் விட்டுவிடாதீர்கள்.

பாப்பா கல்யாணம் குறையில்லாமல் நடக்கட்டும். தங்கச்சிக்கு எங்கள் அன்பு, பாப்பாவுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
அய்யாசாமி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் படத்தை மாட்டிவிட்டார்கள். உங்கள் அக்கா கையிலிருந்த காப்பி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு நாளாச்சும் இப்பிடி என்னயப் பார்த்திருக்கீங்களா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கன்னையனைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நீங்களும் திறக்க வேண்டாம். மறுநாள் காலையில் காமிரா ஏதுமில்லாமல் அவளைப் பார்த்துச் சிரித்தேன். "ஒடம்புக்கு என்னுங்க பண்ணுது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். பாப்பா கல்யாணத்துக்குச் சிவசுப்பிரமணியத்தையே சொல்லுங்கள். மேகம், அன்னம், எத்தனை சூரியன் வேண்டுமானாலும் போடட்டும். நீங்கள் மட்டும் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, தங்கச்சியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்து ஒருமுறை சிரித்துப் பாருங்கள்.