முதல் மூடைக்குப் பேர் லாபம்

“…அப்போ பாட்டு எப்பம் வந்தது அண்ணாச்சி? டி.வி.யில எண்ணல்தானே வந்தது! நானும் கண்ணை எடுக்காம இருந்து பார்த்ததாக்கும்.”

திருவோணத்தன்று நடுப்பகலில், என் அறை வாசலில் நின்று குட்டப்பன் இதைச் சொல்லி முடிக்கும் வரை நான் நாடறிந்த பாடகன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். புகழ் என்னிடம் ஓர் இரவும் அரைப் பகலும் தங்கியிருந்தது. பிறகு ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது எண்பதுகள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் (இந்த ஊரில் ‘சாலை’ என்றால் ரோடு இல்லை, அந்தக் கடைத்தெருவின் பேரே அதுதான்) ஒரு தானிய மொத்தக் கடையில் எனக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால், எண்ணுகிற வேலை. லாரி வந்து நின்றதும் கிட்டங்கி (சரக்கு அடுக்குகிற இடம்) வாசலில் போய் நிற்பேன். சுமட்டுக்காரர்கள் மூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, லாரிக்கும் வாசலுக்கும் நடுவே போட்ட பலகையில் நடந்து உள்ளே போவார்கள். ஒவ்வொரு மூடையும் என்னைத் தாண்டும்போது நான் உரக்க எண்ண வேண்டும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. யாவாரத்தில் எண்ணுகிறவன் ‘ஒன்று’ என்று ஆரம்பிக்கக் கூடாது. ‘லாபம்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று அப்படியே போகும். ஒன்று என்று வாய் திறந்தால் ஒன்றோடு நின்றுபோகுமாம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு வாய் தவறி ‘ஒண்ணு’ என்றுவிட்டேன். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தார். உள்ளே போன மூடையைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொல்லி, மறுபடியும் இறக்க வைத்து, என்னை ‘லாபம்’ சொல்ல வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்த ஒரு மூடையை மூன்று தடவை சுமந்தவன்தான் குட்டப்பன். எங்களுடைய அறிமுகம் அவ்வளவு இனிமையாகத் தொடங்கியது. அதன்பின் பல வருஷம் அவன் என்னிடம் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

நாள் முழுவதும் வெறுமனே எண்ணினால் வாய் நொந்துபோகும். அதனால் இழுத்து எண்ணுவேன். ‘லாஆஆபம்… ரெண்டேஏஏ…’ என்று நெளிந்து வளைந்து போகும். நடுவில் எச்சரிக்கையும் அதே மெட்டில் வரும். ‘சாக்குக் கிழிசல்… ஓரமாப் பிடி…’ இப்படி. இதைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடை மிளகாய் யாவாரி ஒருநாள், “வே, உம்ம குரல் நல்லாத்தான்வே இருக்கு, பாட்டுப் படிக்கலாமே” என்றார். அவருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கிட்டங்கிக்கு மேல் மாடியில் எனக்கு ஓர் அறை. “ஒத்தைப் பனைக்கு ஓலைதான் பேச்சுத்துணை” என்பாள் என் அம்மா. அவள் போன பிறகு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு கார்டு எழுத ஆள் இல்லை. இங்கே முதலாளிக்கு நான் ‘கணக்கு’. சுமட்டுக்காரர்களுக்கு ‘அண்ணாச்சி’ (சாலையில் தமிழ் பேசுகிற ஆண்பிள்ளை எல்லாரும் அண்ணாச்சிதான்). மற்றவர்களுக்குப் ‘பாண்டி’ (மலையாளத்தில் தமிழனுக்கு வைத்த கேலிப்பேர்). என் பேர் வெயிலுமுத்து. வெயிலுகந்த அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பேர். அதை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஒருநாள் ராத்திரி அறையில் நானே “வெயிலுமுத்து” என்று கூப்பிட்டுப் பார்த்தேன். “என்ன?” என்றேன். “சும்மாதான்” என்றேன். பேச்சு அதற்கு மேல் வளரவில்லை.

அந்தச் சமயத்தில்தான், புதுப் பாடகர்களுக்கு ஓணத்தையொட்டி டி.வி.யில் ஒரு போட்டி என்று கேள்விப்பட்டேன். பாடுவதற்கு முன்னால் ஒரு பெண் வந்து, பாடப்போகிறவரின் பேரையும் ஊரையும் சிரித்த முகமாகச் சொல்லுவாளாம். எனக்குப் பாட்டைவிட அந்தப் பெண் சொல்லப்போகிற ஒரு பேர் வேண்டியிருந்தது. ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒரு தடவை, ‘வெயிலுமுத்து’. எழுதிப்போட்டேன். தமிழ்ப் பாட்டுக்கு வேறு யாருமே எழுதிப்போடவில்லையாம். அதனால் பலத்த போட்டிக்கு நடுவே தேர்வானேன்.

டி.வி. ஸ்டேஷனுக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய அறையில் குளிர் எலும்பைக் கடித்தது. குளிரைவிட அந்த அமைதிதான் பயங்கரம். கைவண்டிச் சத்தத்திலும் லாரி ஹாரனிலும் குடியிருந்தவனுக்கு, தன் மூச்சே யாரோ பின்னால் நின்று விடுவதுபோல் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் ஒலிபெருக்கியில், “மைக்கு ஒண்ணு நோக்கட்டே. ஒண்ணு, ரெண்டு, மூணு என்னு பறஞ்சோளூ. மதி என்னு பறயுந்ந வரை” என்றார்.

எண்ணச் சொல்லிவிட்டார்கள். என்னை! மீனை நீந்தச் சொன்னதுபோல. அப்பாடா என்று கண்ணை மூடினேன். கிட்டங்கி வாசல் தெரிந்தது, லாரி தெரிந்தது, சத்தமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. எடுத்தேன் பாருங்கள், ‘லாஆஆபம்…’ என்று. கை தன்னால் மூடைகளை உள்ளே அனுப்பியது. ‘மதி’, அதாவது போதும், என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒரு லாரியை முழுசாக இறக்கிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து பேர் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். குளிர் அவர்களுக்கும் தாங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு முகத்துக்குப் பவுடர் போட்டுப் பாட வைத்தார்கள். முருகன் பாட்டு. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. முருகனும் மற்ற யாரிடமும் சொல்லவில்லை என்று நம்புகிறேன். குரல் குளிரில் விறைத்து வெள்ளாட்டுக் குட்டிபோல வந்தது. இரண்டாவது அடி மறந்துபோனதால் முதல் அடியையே மூன்று தரம் பாடினேன் (பக்தி என்று எடுத்துக்கொள்வார்கள் என்ற துணிச்சல்). கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி வந்து என் முதுகைத் தட்டி, “மதி, மதி. ஞங்ஙளுக்கு வேண்டியது கிட்டியாச்சு” என்றார். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டதாம்! நான் தரையில் கால் படாமல் சாலைக்குத் திரும்பினேன்.

ஒளிபரப்பு உத்திராடத்தன்று சாயங்காலம். ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தில் சாலைக்குள் நுழைகிறவனுக்குத் தன் கால் எது அடுத்தவன் கால் எது என்று தெரியாது. வாழைக்குலை, பூ, கோடித்துணி என்று ஊரே அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடும். எனக்கு வாங்கவும் ஒன்றுமில்லை, ஓடவும் வீடில்லை. ஒரு டி.வி. கடையின் கண்ணாடிக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே பெட்டி ஓடிக்கொண்டிருந்தது; தெரு இரைச்சலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அந்தப் பெண் வந்தாள். சிரித்தாள். உதட்டை அசைத்தாள். ‘வெயிலுமுத்து’ என்பதற்கு அசைவு கொஞ்சம் போதாதுபோல் பட்டது. மலையாளத்துக்காரி, சுருக்கிச் சொல்லியிருப்பாள். அடுத்து நான்! கண் மூடி, கை ஆட்டி, உருகி உருகி. போட்ட பவுடர் மட்டும் முகத்தில் காணோம். பெட்டி அவ்வளவு நல்ல பெட்டி இல்லை என்று முடிவு கட்டினேன். கடைக்கு உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுச் சிரித்தார்கள். நல்ல பாட்டைக் கேட்டால் மனசு பூரிக்கும், பூரித்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்?

வாழைக்குலையோடு கடையிலிருந்து வெளியே வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துக் குலையை நழுவவிட்டாள். “அய்யோ! இது அயாளல்லே!” அந்த ஆள் அல்லவா என்கிறாள். கூட்டம் திரும்பியது. வழி விட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். உப்பேரிக் கடைக்காரர் சுடச்சுட ஒரு பொட்டலம் வறுவலை என் கையில் திணித்தார். தெரு நெடுக ‘லாபம்! லாபம்!’ என்று கூவல். உத்திராடத்தில் தெருவுக்குத் தெரு துணி விற்கிறவன் அப்படித்தானே கூவுவான், அதில் எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன். தலையை லேசாகச் சாய்த்து, உதட்டோரம் புன்னகைத்து, பெரிய பாடகர்கள் நடப்பதுபோல் நடந்தேன். (அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.)

மறுநாள் திருவோணம். அதிகாலையில் குளித்து, சரிகை வேட்டி கட்டி, ரசிகர்களைச் சந்திக்க இறங்கினேன். ரசிகர்கள் இல்லை. சாலையில் ஈ காக்கை இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துச் சாத்திய கடைகள். உடன் வேலை செய்கிற தமிழ்ப் பையன்கள் முந்தின ராத்திரியே பஸ் ஏறி ஊர் போயிருந்தார்கள். பழவங்காடிவரை நடந்தேன். கோவில் பக்கத்தில் ஒரு நாய் நின்று என்னைப் பார்த்தது. டி.வி. இல்லாத வீட்டு நாய், திரும்பிக்கொண்டது. வீடுகளுக்குள்ளிருந்து பாயச வாசனையும், இலை போடுகிற சத்தமும், ‘இங்கே இரு, இங்கே இரு’ என்கிற கூப்பாடும் வந்தன. ஹோட்டல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நாடறிந்த பாடகன் மாடியறைக்குத் திரும்பி, நேற்றைய உப்பேரியின் மிச்சத்தைத் தின்று, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான். இனி யாராவது பாராட்டினால் எப்படிப் பதில் சொல்வது என்று சுவரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கதவு தட்டுகிற சத்தம்.

வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். தலையில் மூடை இல்லாமலும் உடம்பில் சட்டையோடும் குட்டப்பனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. யாரோ ரசிகர் என்றே நினைத்து, பழகி வைத்த அடக்கத்தோடு, “என் பாட்டு பிடிச்சிருந்ததா?” என்றேன். அதற்குத்தான் அவன் அப்படிக் கேட்டான், பாட்டு எப்பம் வந்தது என்று.

“எண்ணலா? என்ன எண்ணல்?”

“மூடை எண்ணல்தான்! கண்ணை அடைச்சு, கையை ஆட்டி, லாஆஆபம்னு. தள்ளே!” (திருவனந்தபுரத்தில் வியப்புக்கும் வலிக்கும் ஒரே சத்தம் அதுதான்.) “ஆளுங்க சிரிச்சுத் தரையில உருண்டாச்சு.”

“அப்போ முருகன்?”

“முருகனா? முருகன் வரலை அண்ணாச்சி.”

கட்டிலில் உட்கார்ந்தேன். நேற்றுச் சிரித்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து மறுபடி சிரித்துவிட்டுப் போயின.

“அந்தப் பொண்ணு என் பேராவது சொல்லிச்சா குட்டப்பா?”

“பேரா? இல்லை. ‘சாலையிலிருந்து ஒரு சகோதரன்’னு மட்டும் சொல்லிச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குட்டப்பன் தொண்டையைச் செருமினான்.

“பக்ஷே, அண்ணாச்சி என் பேரைச் சொல்லியாச்சே.”

“நானா?”

“பின்னே? நடுவில ஒரு இழுப்பு. ‘குட்டப்பா… பலகை ஆடுது… பாத்து வா…’னு. பக்கத்து வீட்டு டி.வி. முன்னால நாப்பது பேர் இருக்கோம். எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு மட்டும், இருந்த இருப்பில கால் தன்னால பாத்து வைக்குது!” அவன் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். “ராத்திரி வீட்டுக்காரி கேட்டா. ‘நீங்க விழுந்துடக் கூடாதுன்னு டி.வி.யில நின்னு சொல்ல ஒரு மனுசன் இருக்காரே, அவரு ஓணத்துக்கு எங்க உண்ணுவாரு?’ இத்தனை வருஷம் அண்ணாச்சியோட எண்ணலுக்கு நடந்தேன், அண்ணாச்சி எங்க உண்ணுதுன்னு எனக்குத் தெரியாது.”

“நான் ஹோட்டல்ல சாப்பிட்டாச்சு” என்றேன் மிடுக்காக.

“எந்த ஹோட்டல்?”

உப்பேரி இருந்த காலிப் பொட்டலத்தைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பின்னால் அந்தத் துணுக்கைப் பலதரம் போட்டார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கேரளம் முழுக்க ‘லாபம்’ சொன்ன வாய் அவர் கிட்டங்கி வாய் அல்லவா! புதுக்கடை திறக்கிறவர்கள் முதல் மூடையை எண்ண என்னைக் கூட்டிப்போனார்கள். பிறகு எனக்கும் கல்யாணம் ஆகி, குடும்பம் ஆனது. என் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘லாபத்தின் மகன்’ என்றே பேர். குட்டப்பன் வீட்டிலும் என் வீட்டிலும் கல்யாணமோ காதுகுத்தோ நடந்தால், பந்தியில் முதல் இலை விழுந்ததும் இரண்டு குடும்பமும் ஒரே குரலில் ‘லாஆஆபம்’ என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். புதிதாக வந்த மருமகள்களுக்கு என் பெண்டாட்டி முழுக்கதையையும் சொல்லுவாள். அவள் சொல்லும்போது வெள்ளாட்டுக் குட்டிக்குக் கொம்பும் முளைத்துவிடும்.

ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எனக்கு எதுவும் வேண்டாம்போல இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“அண்ணாச்சியோட பேரு எந்தரு?” என்றான் குட்டப்பன் திடீரென்று. “என் பேரைச் சொன்ன ஆளோட பேரு எனக்குத் தெரிய வேண்டாமா?”

“வெயிலுமுத்து.”

“வெயிலு… முத்து.” மூடையைத் தூக்குவதற்கு முன் கனம் பார்க்கிறவனைப்போல ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். “நல்ல பேரு. ஆனா வீட்டில இலை போட்டு வச்சிருக்கிற பிள்ளைங்க லாபம் மாமன்னுதான் கூப்பிடும். நான் பறஞ்சாச்சு.”

“இன்னொரு நாள் வாரேன் குட்டப்பா. இன்னைக்கு வேண்டாம். இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் எங்கயும் வரலை.”

குட்டப்பன் ஜன்னல் கம்பியில் சாவியோடு தொங்கிய பூட்டை எடுத்தான். என் இரண்டு தோளையும் பிடித்து எழுப்பி, ஒரு மூடையை ஓரத்துக்கு நகர்த்துவதுபோல் என்னை வெளியே நகர்த்தி வைத்தான். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான். சாவியைத் தன் வேட்டி மடியில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான்.