சொட்டண்ணன் ஓட்டிய எஞ்சின்

ஊரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, ஓஸ் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே மனுஷன் சொட்டண்ணன்தான். மரக்காணம் உப்பளத்தில், பாத்திகளுக்கு உப்புத்தண்ணி இறைக்கும் எஞ்சினை ஓட்டியவர். நான் அவருக்குக் கையாள். மழைக்கு ஒதுங்கிய அன்றும் பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால், எனக்கு வேறு வேலை தெரியாது.

கிழட்டு எஞ்சின். ஆயில் ஒழுகித் தண்ணியோடு போகும். அதற்காகவே அண்ணன் பைப்புக்கு நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஓஸ் மாட்டியிருந்தார். அதன் உள்பக்கம் ஆயில் சொட்டுச் சொட்டாக ஒட்டி நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு நின்றதால்தான் அவருக்கு அந்தப் பேர்.

“டேய், பாரு. மெதுவா வுட்டா குண்டா குந்திக்கினு இருக்குது. கொஞ்சம் ஏத்துனா முன்னால சாயுது. இன்னும் ஏத்துனா கழுத்து மெலிஞ்சி பிச்சிக்கினு பூடும்.”

“அண்ணிய கூட இப்படிப் பாத்திருக்க மாட்டண்ணா!”

“அவ எங்கடா ஒரு எடத்துல நின்னா?”

சொட்டு பிய்ந்து பாத்திக்குப் போகக்கூடாது என்று எஞ்சினை மெதுவாகவே ஓட்டுவார். சாயங்காலம் ஓஸைக் கழற்றி, சோப்புத்தூள் போட்டுக் கழுவித் துடைப்பார்.

“ஏம்பா, எஞ்சின் ஓட்றியா, தாலாட்றியா?” என்று முதலாளி கத்துவார். ஆனால் எங்கள் உப்பு வெள்ளைவெளேர்.

ஒருநாள் அண்ணன் டீசல் வாங்கப் போனார். எனக்குத் திண்டிவனத்தில் கல்யாணப் பிரியாணி. சீக்கிரம் பாத்தி நிறையட்டும் என்று எஞ்சினை முழுசாக ஏற்றினேன். சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் ஜனங்கள் சாய்வதுபோல எல்லாச் சொட்டும் சாய்ந்தது. கழுத்து மெலிந்தது. போயே போச்சு. நான் கைதட்டினேன், அறிவாளி!

மறுநாள் பாத்தி முழுக்க ஆயில் படலம். வாரவேண்டிய உப்பெல்லாம் அழுக்கு.

“யார்ரா எஞ்சின ஏத்துனது?” என்றார் முதலாளி.

நான் வானத்தில் காக்கா எண்ணினேன். அண்ணன் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“எஞ்சின் என் பொறுப்புதானுங்க.”

“அப்ப நாளையிலேர்ந்து வராத.”

ஊரையே கிண்டலடிக்கும் என் வாய்க்கு அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை இருந்தது. அது லீவு போட்டுவிட்டது.

அண்ணன் ஓஸ் துடைக்கும் துணியை என் தோளில் போட்டார். “அந்த வேகத்துக்கு எதுவும் ஒட்டி நிக்காதுடா,” என்றார். வரப்பிலேயே நடந்து பஸ் ஏறப் போனார். அப்புறம் வரவே இல்லை.

இப்போது நான்தான் எஞ்சின் ஓட்டுகிறேன். மெதுவாக. தினமும் திட்டு விழுகிறது. அளத்தில் எல்லாரும் என்னையும் “யோவ் சொட்டு!” என்கிறார்கள். என்னைத்தான் என்று தெரியும். இருந்தாலும் வரப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான், “என்னாங்க?” என்கிறேன்.